வீட்டுத் தார்சாவில் ஒரு எகிப்து ஆட்டம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, கரண்டும் போய், பிள்ளைகள் செல்போனில் சார்ஜ் இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் நேரத்துக்கு இது தோதான ஆட்டம். பெயர் செனெட். ஏறக்குறைய 5,000 வருஷத்துக்கு முன்பே எகிப்துக்காரர்கள் ஆடியது. 1922ல் கண்டுபிடித்த எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையில் கருங்காலியும் தந்தமும் வைத்து இழைத்த பலகை இருந்தது, சிங்கக்கால் வைத்த தாங்கியோடு. நமக்கு ஒரு சாக்பீஸும் நாலு புளியமுத்தும் போதும்.

முத்தை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமெண்ட் தரையில் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ரொம்பத் தேய்த்தால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். தேய்த்த சூட்டோடு அடுத்தவன் தொடையில் வைக்கப் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எகிப்தில் இதற்கு ஒரு பக்கம் தட்டையான குச்சிகளை உருட்டினார்கள்.

சரி, கட்டம். மூன்று வரிசை, வரிசைக்கு 10. மேல் வரிசையில் இடமிருந்து வலம் போய், நடு வரிசையில் திரும்பி வந்து, கீழே மறுபடி வலப்பக்கம் போக வேண்டும், பாம்பு நெளிகிற மாதிரி. 27ஆம் கட்டத்தில் அலை அலையாகக் கோடு போடுங்கள், அதுதான் தண்ணீர். 15, 26 இரண்டிலும் ஏதாவது அடையாளம் வையுங்கள்.

முழு விதியையும் எகிப்துக்காரர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. பலகைகளையும் கல்லறை ஓவியங்களையும் வைத்து ஆய்வாளர்கள் கோத்தெடுத்ததைத்தான் இப்போது ஆடுகிறோம், அதனால் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். நாங்கள் ஆடுவது இப்படி: ஒருவருக்கு 5 கூழாங்கல், இன்னொருவருக்கு 5 வளையல் துண்டு, முதல் 10 கட்டத்தில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம், வெள்ளையே இல்லாவிட்டால் 5. ஒன்று, நாலு, ஐந்து விழுந்தால் இன்னொரு தடவை போடலாம்.

தாயம் ஆடிப் பழகிய கை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இங்கே வெட்டு கிடையாது. எதிராளி காய் இருக்கும் கட்டத்துக்கு நீங்கள் போனால் அது நீங்கள் கிளம்பிய கட்டத்துக்கு வரும், அவ்வளவுதான். அவர் காய் இரண்டு ஒட்டி நின்றால் அதுவும் முடியாது. "வெட்டு இல்லாம என்னடே ஆட்டம்?" என்று எங்கள் ஆச்சி முதல் நாளே எழுந்து போய்விட்டாள்.

26ல் எல்லாக் காயும் நின்றுதான் போக வேண்டும். அங்கிருந்து 5 விழுந்தால் நேராக வெளியே, ஒன்று விழுந்தால் தண்ணீருக்குள், திரும்ப 15. 28லிருந்து வெளியேற 3, 29லிருந்து 2, சரியாக விழ வேண்டும். 30க்கு வந்துவிட்டால் எது விழுந்தாலும் சரி. ஐந்து காயையும் முதலில் வெளியேற்றியவர் ஜெயித்தார். செத்த உயிர் மறுமைக்குக் கடந்து போவதாகவே பிற்காலத்தில் இந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். தண்ணீரில் விழுந்து கத்தும் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

அரசி நெஃபர்தாரியின் கல்லறைச் சுவரில் அவள் செனெட் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே ஆளே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன ஒரு நாள் நானும் அப்படித் தனியாக ஆடிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நானேதான், ஆனாலும் கூழாங்கல்லுக்காக இரண்டு தடவை புளியமுத்தைத் திருட்டுத்தனமாகத் திருப்பி வைத்தேன்.