டிரான்சிஸ்டர் பிரீஆம்ப்புடன் வால்வு பவர் ஆம்ப்பைச் சேர்க்கும் முறை

டிரான்சிஸ்டர் பிரீஆம்ப்பை (ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் முன்நிலைப் பெருக்கி) வால்வு பவர் ஆம்ப்புடன் (ஸ்பீக்கரை இயக்கும், வெற்றிடக் குழாய்கள் கொண்ட பெருக்கி) சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இம்பீடன்ஸ், அதாவது மாறு மின்னோட்டத்துக்கான மின்தடை, ஒத்துப்போகுமா என்பதைத்தான். இந்த ஜோடியில் அது பெரும்பாலும் கவலைக்குரிய விஷயமே அன்று. பிரீஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் சில நூறு ஓம்களுக்குள் அடங்கிவிடும். வால்வு ஆம்ப்பின் உள்ளீடோ பெரும்பாலும் 100 கிலோ ஓம் அளவில் இருக்கும். பத்து மடங்கு இடைவெளி இருந்தாலே போதுமானது.

உண்மையில் பார்க்க வேண்டியது கெயின், அதாவது சிக்னல் எத்தனை மடங்கு பெருக்கப்படுகிறது என்பது. சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் நான் முதன்முதலாக இப்படி இணைத்தபோது, வால்யூம் குமிழை எட்டு மணி நிலையிலிருந்து ஒரு நூலளவு நகர்த்தினாலே அறை அதிர்ந்தது. அதற்குக் கீழே இறக்கினால் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடியது, வலது ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டரின் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) அருகே காதை வைத்தால் குக்கரில் ஆவி கசிவதைப் போன்ற சீறல் கேட்டது. சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். பல வால்வு ஆம்ப்புகள் முழுத் திறனை எட்ட ஏறத்தாழ 1 வோல்ட்டே போதும். நடுவில் பிரீஆம்ப் தன் பங்குக்கு ஐந்து மடங்கோ பத்து மடங்கோ கூட்டுகிறது. குமிழின் தொடக்கப் பகுதியில் இரு சேனல்களின் மின்தடை சமமாக இருப்பது அரிது என்பதால்தான் ஒரு பக்கம் ஊமையானது. குமிழுக்குப் பின்னுள்ள சுற்றில் எழும் சீறலையோ குமிழால் குறைக்கவே முடியாது.

பவர் ஆம்ப்பில் உள்ளீட்டு அளவைக் குறைக்கும் குமிழ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் ஒவ்வொரு சேனலிலும் சிக்னல் கம்பியில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் வைத்தால் சிக்னல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். பிரீஆம்ப்பின் சீறலும் அதே அளவு குறையும். இதைக் கேபிளின் பவர் ஆம்ப் முனையில் அமைப்பதே நல்லது. எனக்கு இதன்பின் குமிழ் பதினொரு மணிக்கு வந்தது, இரு பக்கமும் சமமாகப் பாடின.

இணைப்பதற்கு முன், பாட்டு எதுவும் ஓடாத நிலையில் பிரீஆம்ப் வெளியீட்டில் டிசி வோல்டேஜ் இருக்கிறதா என மல்டிமீட்டரில் பாருங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. அதைவிட மிகுந்தால், கிரிட்டுக்கு (வால்வின் உள்ளீட்டு முனை) நேரடியாகச் சிக்னல் செல்லும் ஆம்ப்பில் முதல் வால்வின் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது இருக்க வேண்டிய வோல்டேஜ் நிலை) கெட்டுவிடும். அப்போது 0.47 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டரைப் பவர் ஆம்ப் உள்ளீட்டில் (மேற்சொன்ன ரெசிஸ்டர்கள் இருந்தால் அவற்றுக்குப் பின்) தொடராகச் சேர்த்தால் 100 கிலோ ஓம் உள்ளீட்டில் 3.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டுமே அது குறைக்கும், பாஸ் பாதிக்கப்படாது.

பிரீஆம்ப்பை முதலிலும் பவர் ஆம்ப்பைக் கடைசியிலும் போடுங்கள். நிறுத்தும்போது பவர் ஆம்ப்பே முதலில். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்பில் பாட்டு ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பழுதாகலாம். ஹம் (தொடர்ந்து ஒலிக்கும் ரீங்காரம்) கேட்டால் இரண்டு ஆம்ப்புகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். ஹம்மைப் போக்க எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கே ஆபத்து.

ஏற்காட்டில் வைத்திருப்பவர்கள் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மூடுபனியின் ஈரத்தில் ஆர்சிஏ முனைகள் (சிக்னல் கேபிளின் செருகு முனைகள்) மங்கிக் கரகரப்பு எழும்போது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே மீண்டும் செருகுங்கள்.