பரபரப்பான சாலையில் சைக்கிள் பாதை அமைப்பது எப்படி?

பச்சை பெயின்ட் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அளவு டேப்போடு சாலைக்குப் போங்கள். வெறும் கோடு மட்டும் போட்டால் விடிவதற்குள் அங்கே கார் நிற்கும், தள்ளுவண்டி நிற்கும், கேட்டால் "ரெண்டு நிமிஷம்தான் சார்" என்பார்கள்.

எல்லாத் தெருவுக்கும் தனிப் பாதை தேவையில்லை. வண்டிகள் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாத குடியிருப்புத் தெருவுக்கு நல்ல வேகத்தடையே போதும், பஸ்ஸும் லாரியும் 50-ல் ஓடும் சாலை என்றால் பிரித்தே ஆகவேண்டும்.

சரி, எங்கே வைப்பது? நடைபாதை, அதை ஒட்டி சைக்கிள், அதற்கு வெளியே பார்க்கிங், அப்புறம்தான் ஓடும் வண்டிகள். நியூயார்க் ஒன்பதாவது அவென்யூவில் 2007-ல் இப்படித்தான் மாற்றினார்கள். நிற்கிற கார்களே சுவராகிவிடும். ஆனால் காருக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு மீட்டராவது விடுங்கள், இல்லையென்றால் திடீரென்று திறக்கும் கதவு ஆளைச் சாய்த்துவிடும். ஒருவழிப் பாதைக்கு 2 மீட்டர் அகலம் இருந்தால் ஒருவரை ஒருவர் முந்தலாம். ஒரே ஓரத்தில் இருவழியாகப் போடுவது செலவைக் குறைக்கும்தான், ஆனால் பக்கத் தெருவிலிருந்து வருகிற டிரைவர் எதிர்த்திசை சைக்கிளை எதிர்பார்க்கவே மாட்டார்.

ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர் என்பதால் தடுப்புக் கம்பங்களின் இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்கட்டும். பைக்கைக் கம்பத்தால் தடுக்க முடியாது, சைக்கிள் நுழைகிற சந்தில் அதுவும் நுழையும்; அதற்கு போலீஸ் நின்றால்தான் உண்டு.

உண்மையான வேலை சந்திப்பில்தான். நேராகப் போகும் சைக்கிள்காரரை இடதுபக்கம் திரும்பும் லாரி அடித்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. அதனால் நெதர்லாந்தில் செய்வதுபோல முனையில் சின்னத் திட்டு ஒன்று கட்டி, சைக்கிள் குறுக்கே கடக்கும் இடத்தைச் சுமார் 5 மீட்டர் உள்ளே தள்ளுங்கள். திரும்பிய வண்டி அங்கே நின்று பார்த்துவிட்டுப் போக இடம் கிடைக்கும். இடமே இல்லையா, சைக்கிள்களுக்கு நிறுத்தக்கோட்டை முன்னால் போட்டு, பச்சை விளக்கைச் சில நொடிகள் முன்பே கொடுங்கள். பக்கத் தெரு வாயில்களில் பாதை அதே உயரத்தில் தொடரட்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் பாதையை நிழற்குடைக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுபோங்கள்.

கடைசியாக மழைநீர் வடிகால் மூடிகளைப் பாருங்கள். கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும், குறுக்காகத் திருப்பிப் பதிக்கச் சொல்லுங்கள்.