பிரிண்டர் கலர் புரொஃபைல்: சராசரி எடுத்தும் போகாத பிழை

ஒரு பிரிண்டர், மை, தாள் மூன்றும் சேர்ந்து நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்புத்தான் புரொஃபைல். நிறக் கட்டங்கள் நிறைந்த சார்ட்டை அடித்து, நிறம் அளக்கும் கருவியால் அளந்து அதைக் கட்டுவோம். திருகோணமலையில் கச்சான் வீசும் ஆடியில் அடித்த சார்ட்டும், வாடைக்காற்றுக் கார்த்திகையில் அடித்த சார்ட்டும் ஒன்றாக இராது. தாள் ஈரம் குடிக்கும், மை காயச் சுணங்கும். அளக்கும் கருவியைக் குறை சொல்லமுதல் தாளைக் காயவிடுங்கள். ஒரு முழு நாள், மாரியில் இரண்டு. ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டாம்.

டிரைவரில் கலர் மனேஜ்மென்டை (டிரைவர் தானாக நிறம் திருத்துவதை) நிறுத்துவது, நொசில் செக் (மைத் துளைகள் அடைத்துள்ளனவா என்று) பார்ப்பது எல்லாம் தெரிந்ததுதான். மென்பொருளுக்கு ஆர்கில் சிஎம்எஸ் போதும். இலவசம், பிழையை ஒளிக்காமல் எண்ணாகக் காட்டும்.

முதலில் கருவியின் தடுமாற்றத்தைப் பாருங்கள். கருவியோடு வரும் வெள்ளை ஓட்டில் கலிபரேட் செய்து, ஒரு சாம்பல் கட்டத்தை அசைக்காமல் பத்துத் தரம் அளவுங்கள். பிறகு ஒவ்வொரு தரமும் தூக்கி வைத்துப் பத்து. முதல் பத்தும் ஒட்டிவந்து இரண்டாவது சிதறினால், பிசகு வைக்கும் விதத்தில் அல்லது தாளின் மேற்பரப்பில். அடியில் அதே ரகத்தில் மூன்று வெற்றுத் தாள் போடுங்கள். மெல்லிய தாளை மேசையில் நேரே வைத்தால் மேசையின் நிறமும் அளவில் ஏறிவிடும்.

பலர் இடறுவது சராசரியில். ஒரே தாளை நான்கு தரம் அளந்து சராசரி எடுத்தால் கருவியின் எழுமாற்றுப் பிழை பாதியாகும். பிரிண்டர் அந்தத் தாளில் விட்ட பிழையோ துளியும் குறையாது. இடது ஓரத்தில் சயன் கூட விழுந்திருந்தால் நான்கு தரமும் அந்தக் கூடுதலைத்தான் அளக்கிறீர்கள். ஆகவே இரண்டு தாள் அடியுங்கள்; இரண்டாவதில் படத்தை 180 பாகை திருப்பி. இடது மூலைக் கட்டம் எதிர் மூலைக்குப் போய்விடும். தாளுக்கு இரண்டு தரமாக நான்கு அளவுக் கோப்புகள்.

உடனே சராசரி எடுக்காதீர்கள். ஒரே தாளின் இரு கோப்புகளையும் ஒப்பிட்டு, டெல்டா ஈ 2000 (இரு நிறங்களின் வேறுபாட்டைச் சொல்லும் எண்) கணக்கில் 1ஐத் தாண்டிய கட்டங்களைத் தேடுங்கள். தனிக் கட்டம் என்றால் தூசி, கீறல். தொடர்ச்சியாகப் பல கட்டங்கள் என்றால் கருவியை வழிநடத்தும் ரூலர் நழுவி, ஐந்தாவதின் அளவு ஆறாவதின் பெயரில் பதிந்திருக்கும். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்தத் தாளிலும் இல்லாத ஒரு நிறம் புரொஃபைலுக்குள் புகும். அந்த வரியை மட்டும் திரும்ப அளவுங்கள். ஒரு தாளின் இரு அளவுகளும் பொருந்தி, தாளுக்குத் தாள் வேறுபட்டால் பிரிண்டரைப் பாருங்கள்.

புரொஃபைல் கட்டும்போது சராசரி விலகல் என்றொரு எண் உண்டு (அளவுகளில் எவ்வளவு தடுமாற்றம் இருக்கும் என்று மென்பொருளுக்குச் சொல்வது); வழமையாக 0.5 சதவீதம். சொரசொரப்பான மேட் தாளுக்கு 1 வைக்கலாம். கூட்டக் கூட்ட வளைவு வழுவழுப்பாகும். சாமத்தியவீட்டு அல்பத்தில் முகத்தில் பட்டை தெரியாது. அதற்கு மேல் ஏற்றினால் பிரிண்டரின் உண்மையான நெளிவும் அழிந்துபோகும்.

முடிந்ததும் பிழை கூடியது முதலில் வரும் வரிசையில் கட்டங்களை அடுக்கி, முதல் பத்தைப் பாருங்கள். எல்லாம் கடும் நிறங்களா? மை கூடிவிட்டது, அல்லது காயவில்லை. எண் அழகாக வரட்டுமென்று கட்டங்களை அழிப்பது தன்னைத்தானே ஏமாற்றுவது.

பின்சேர்க்கை: வெண்மையூட்டி கலந்த பளீர் வெள்ளைத் தாளில் எம்0 அளவையும் எம்1 அளவையும் (கருவி தாளுக்கு ஒளி பாய்ச்சி அளக்கும் இரண்டு முறைகள்) சேர்த்துச் சராசரி எடுக்கக்கூடாது. இரண்டும் சரியான அளவுகளே; புறஊதா ஒளியின் பங்குதான் வேறு. நான்கு கோப்பும் ஒரே முறையில் இருக்கட்டும்.