இறுகிய இழுப்பறையைச் சரிசெய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணிமணி வைக்கும் மேசையின் இழுப்பறை திறக்க மறுத்தவுடன் பெரும்பாலோர் ஒரு கைப்பிடியைப் பற்றி ஓங்கி இழுக்கிறார்கள். அப்போது ஒரு பக்கம் முன்னே வந்து, மறுபக்கம் பின்தங்கி, இழுப்பறை கோணலாகி முன்பைவிட உறுதியாகச் சிக்கிக்கொள்கிறது. அகலம் கூடி ஆழம் குறைந்த இழுப்பறைகளில் இது மிக எளிதாக நேரும். முகப்புப் பலகையையும் பக்கப் பலகைகளையும் பிணைக்கும் மூட்டுகள் இத்தகைய இழுப்பினால்தான் தளர்கின்றன. மூட்டுத் தளர்ந்த பெட்டி சதுரமாக நிற்காது. சதுரம் குலைந்த பெட்டி எந்தப் பராமரிப்பாலும் சீராக ஓடாது. இரண்டு கைப்பிடிகளையும் ஒருசேரப் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல அசைத்து இழுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால், இடையில் தடுப்புப் பலகை இல்லாத மேசையில், மேல் இழுப்பறையைக் கழற்றிவிட்டு அந்த வழியே கையை நுழைத்துப் பின்பலகையை முன்னோக்கித் தள்ளலாம். பின்புறம் விழுந்து சிக்கிய ஒரு துணியே காரணமாக இருப்பதும் உண்டு.

உரசும் இடம் எது என்று அறியாமல் உப்புத்தாளை எடுப்பது அடுத்த தவறு. இழுப்பறையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உரசிய இடம் பளபளப்பாகவோ கறுத்தோ தெரியும். தெளிவாகத் தெரியாதபோது, பக்கங்களிலும் அடிவிளிம்பிலும் சுண்ணக்கட்டியைத் தேய்த்துச் சில முறை இழுத்துத் தள்ளினால், சுண்ணம் அழிந்த இடம் உண்மையைச் சொல்லிவிடும். பல இழுப்பறைகளை ஒரே நேரத்தில் கழற்றுவோர் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் எண் இட்டுக்கொள்ள வேண்டும். கையால் செய்த மேசைகளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்துவது அரிது.

மீட்க முடியாத சேதத்தை விளைவிப்பது ஈரமான பருவத்தில் மரத்தை இழைப்பதே என்று நான் கருதுகிறேன். மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று நாருக்குக் குறுக்காக உப்புகிறது. நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. பக்கப் பலகைகளில் நார் முன்னிருந்து பின்னாக ஓடுவதால், ஈரம் ஏறும்போது கூடுவது அவற்றின் உயரம். 20 செ.மீ. உயரமுள்ள பலகையின் ஈர அளவு 8 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக உயர்ந்தால், மரத்தின் வகையையும் அறுத்த முறையையும் பொறுத்து அது ஏறக்குறைய 1 முதல் 3 மி.மீ. வரை வளரக்கூடும். மேலே இடைவெளி குறைந்த இழுப்பறை இறுக இவ்வளவு போதும். இந்த வீக்கத்தை இழைப்புளியால் சீவி எடுத்தவர், வறண்ட காலம் வந்ததும் இழுப்பறை தளர்ந்து ஆடுவதைக் காண்பார். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட இயலாது. காற்றோட்டமான நிழலில் சில நாள் உலர்த்தி, மெழுகு தேய்த்துப் பார்ப்பதே முதல் படி. உலர்ந்த காலத்திலும் உரசினால் மட்டும், மெல்லிய உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் சிறிது தேய்த்துச் சரிபார்க்க வேண்டும்.

பழைய மேசைகளில் நிலைமை வேறு. பல்லாண்டு உராய்வில் இழுப்பறையின் அடிவிளிம்பும் அது தவழும் சட்டமும் தேய்ந்துவிட, பெட்டி கீழே இறங்கி, முன்குறுக்குச் சட்டத்தில் முட்டுகிறது. வெளியே இழுக்கையில் முகப்பு தொங்கி, பின்பகுதி மேலேறி உரசுகிறது. அந்த மேல் உரசலைக் கண்டு மேல்விளிம்பைச் செதுக்குவது நோயை வளர்ப்பதாகும். தேய்ந்த சட்டத்தின் மேல் மெல்லிய மரப்பட்டையை ஒட்டி உயரத்தை மீட்பதே உரிய வழி. தரை சமமாக இல்லாமல் மேசையின் சட்டக்கூடு முழுவதும் முறுக்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. முகப்புத் திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து அவை வேறுபட்டால், இழுப்பறையைத் தொடாமல், தாழ்ந்த காலின் கீழ் மெல்லிய ஆப்பு வைக்க வேண்டும்.

மரத்தின் மேல் மரம் ஓடும் இடத்தில் சமையல் எண்ணெயையோ இயந்திர எண்ணெயையோ தடவக் கூடாது. மரம் அதை உறிஞ்சும், தூசி அதில் ஒட்டிப் பிசினாகும், கறை துணிக்கும் ஏறும். நிறமற்ற மெழுகுவர்த்தியை உரசும் இரு பரப்புகளிலும் அழுத்தித் தேய்த்தாலே போதும். முன்பு பூசிய அழுக்கு மெழுகைச் சுரண்டி எடுக்காமல் புதியதைப் பூசுவது பயன் தராது. உரசும் பக்கங்களுக்குப் பெயின்ட் அடிப்பதும் தவறு. அதன் தடிமன் இடைவெளியைத் தின்பதோடு, பெயின்ட்டின் மேல் பெயின்ட் ஒட்டிக்கொள்ளும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதைச் சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. மரத்துகள்களைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு நீர் பட்டு உப்பியிருந்தால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. பலகையை மாற்ற வேண்டியதுதான்.

அளவுக்கு மீறிய சுமையும் இறுக்கத்திற்குக் காரணமாகும். மெல்லிய அடிப்பலகை தொய்ந்து கீழ்ச்சட்டத்தில் உராயும்போது, மேலே எதைப் பூசியும் பயனில்லை. பலகையை உருவி, தலைகீழாகத் திருப்பிச் செருகிச் சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சோதனையின்போது நிரம்பிய பல இழுப்பறைகளை ஒருசேரத் திறந்து வைக்கவே கூடாது. மேசை முன்னோக்கிக் கவிழும், குழந்தைகள் உள்ள வீட்டில் இது உயிருக்கே ஆபத்து. மேசையைச் சுவரோடு பிணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

இழுப்பறை ஓடும் உலோகத் தடங்களான சேனல்களில், அழுக்கைத் துடைக்காமல் கிரீஸ் பூசுவதே வழக்கமான தவறு. தலைமுடியும் நூலும் கலந்த பசை, சேனலுக்குள் உருளும் சிறு எஃகுக் குண்டுகளைச் சுழலவிடாது. முதலில் உலர்ந்த தூரிகையால் துடைத்து, பிறகு சிறிதளவு சிலிக்கான் ஸ்பிரே போதும். தளர்ந்த திருகைப் பெரிய திருகால் மாற்றுவதைவிட, துளையில் பசை தடவிய மரக்குச்சிகளை நிரப்பி, காய்ந்தபின் அதே திருகை முடுக்குவது உறுதியானது. குண்டுச் சேனலில் இழுப்பறையை மீண்டும் பொருத்தும்போது, குண்டுகளைத் தாங்கும் சட்டகத்தை இருபக்கமும் முன்முனைவரை இழுத்துக்கொண்டு, இரு சேனல்களையும் ஒரே மட்டத்தில் நுழைத்து மெல்லத் தள்ள வேண்டும். வழியில் தடை உணர்ந்தால் அழுத்தாமல் வெளியே எடுத்து மறுபடி நுழைக்க வேண்டும். அங்கு அழுத்தினால் சட்டகம் வளைந்து குண்டுகள் உதிர்ந்துவிடும், அதன்பின் சேனலையே மாற்ற நேரும்.