கரண்ட் இல்லாம தக்காளிய காப்பாத்துற செங்கல் பெட்டி, நீங்களே கட்டலாம்

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி வெல விழுந்தா பறிப்புக் கூலி கூட தேறாதுனு ரோட்டோரம் கொட்டிட்டு போறத பாத்திருப்பீங்க, மனசு கெடந்து அடிச்சுக்கும். நாலு நாள் தாங்குனா வேற சந்தைக்காவது ஏத்தலாம், ஆனா கோல்ட் ஸ்டோரேஜ் அரை ஏக்கர்காரங்களுக்கு கட்டுப்படி ஆகாதுங்க. அதுக்குத்தான் இந்தப் பெட்டி, டெல்லி பூசால இருக்குற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1980கள்ல உருவாக்குனது. மண்பானைத் தண்ணி சில்லுனு இருக்குதுல்ல, அதே சங்கதிதான், ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் இழுத்துட்டு போயிடும்.

1. எடம்: மேடா, காத்தோட்டமா, தண்ணிக்கு பக்கத்துல. மேல கீத்துப் பந்தல் கட்டாயம், நேர் வெயில் பட்டா போட்ட உழைப்பெல்லாம் வீண்.

2. தரை: அஞ்சரை அடி நீளம், மூணே முக்கால் அடி அகலத்துக்கு செங்கல் பரப்புங்க.

3. சுவரு: இதுலதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. ரெண்டேகால் அடி உயரத்துக்கு ரெட்டைச் சுவரு, நடுவுல 3 இஞ்ச் இடைவெளி. சிமெண்ட் பூசிடாதீங்க, பூசுனா செங்கல் தண்ணிய உறிஞ்சாது, ஆவியும் வெளிய போகாது, அப்புறம் அது வெறும் தொட்டிதான். இடைவெளி முழுக்க சலிச்ச ஆத்து மணல நல்லா நனைச்சு போடுங்க.

4. மூடி: மூங்கில் சட்டத்துல வைக்கோலோ கோணிச்சாக்கோ கட்டி நனைச்சுக்கங்க.

5. தண்ணி: சுவரு, மணலு, மூடி எல்லாம் ஊறுற வரைக்கும் மொதல்ல ஊத்துங்க, அப்புறம் காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. மணலு மேல ஒரு சொட்டுநீர் ட்யூப் ஓட்டிட்டா மறக்குற பிரச்சனையே இல்ல.

6. அடுக்குறது: வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பறிச்சு, நெழல்ல ஆறவிட்டு, அடிபட்டது அழுகுனத பொறுக்கி எடுத்துட்டு, க்ரேட்ல வெச்சு எறக்குங்க. சூடா எறக்குனா அந்த சூட்ட எறக்கவே பெட்டிக்கு நேரம் போயிடும். ஏறக்குறைய 100 கிலோ பிடிக்கும். வெங்காயம், பூண்டு வேணாம், ஈரத்துல அழுகிடும். கீரையோட பழுத்த மாம்பழம், வாழைப்பழம் சேக்காதீங்க, கீரை சீக்கிரம் மஞ்சளாயிடும்.

நல்ல கோடையில வெளிய இருக்குறத விட 10லிருந்து 15 டிகிரி வரைக்கும் கொறையும், உள்ள ஈரப்பதம் 90 சதவீதத்த ஒட்டி நிக்கும், அதனால காயி வதங்காது. ஆனா காத்து வறண்டு இருந்தாத்தான் இந்தக் கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் மாதிரி உள்மாவட்டத்து கோடைக்கு தாராளமா கட்டலாம், நாகப்பட்டினம் கடலோரப் புழுக்கத்துலயும் அடைமழையிலயும் பெருசா பலன் தராது, அங்க செலவு பண்ணிடாதீங்க.

மொத வாரம் ஒரே ஒரு க்ரேட் உள்ள, ஒண்ணு வெளிய பந்தல்லனு வெச்சு தெனம் தொட்டுப் பாருங்க, அப்புறம் மிச்சத்த எறக்கலாம்.