செங்கோட்டைப் பக்கத்து வீட்டுக்கு நெட் கேபிள் இழுப்பது எப்படி?

தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரைப் பக்கம் பழைய வீடுகளுக்குச் சுவர் கனம். கீழே ரூட்டர் வைத்தால் மாடியில் வைஃபை திணறும். கேபிள் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் சாரலும் இடியும் உள்ள ஊர், அதை மனதில் வைத்தே தொடங்குங்கள்.

முதலில் கேபிள். கேட் 6 (Cat 6) ரகம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சுருள்கள் பலவற்றில் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். இந்த அலுமினியக் கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் அது சூடேறும். நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கு இது தாராளம்.

அடுத்து பாதை. இங்கேதான் நிதானம் வேண்டும். சுவருக்குள் ஓடும் மின் பைப்பில் இடம் இருக்கிறதே என்று நெட் கேபிளையும் அதில் நுழைக்காதீர்கள். உறை கிழிந்தால் 230 வோல்ட் ரூட்டருக்கும் வரும், தொடுகிற கைக்கும் வரும். தனி பிவிசி பைப் அல்லது கேசிங் போடுங்கள். மின் வயருக்கு இணையாகப் போனால் ஒரு சாண் தள்ளி, குறுக்கே வெட்டிப் போனால் செங்கோணத்தில். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். அந்த அறையின் எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள டிரிப் சுவிட்ச்) அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுங்கள்.

நெட் கேபிளை நீங்களே இழுக்கலாம். ரூட்டருக்குப் புது பிளக் பாயிண்ட் வேண்டுமென்றால் கதை வேறு. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளின்படி, பல்பு, ஃபேன், ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர மற்ற மின்வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும்.

வெளிச்சுவரில் போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள். துளையை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரித்துப் போட்டால் சாரல் தண்ணீர் உள்ளே வராது. தோப்பு வீட்டுக்கோ கொட்டகைக்கோ இணைப்பு வேண்டுமா? செம்புக் கேபிளை மறந்துவிடுங்கள். ஐப்பசி இடி பக்கத்தில் எங்காவது விழுந்தாலே போதும், நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் எகிறி இரு முனைக் கருவிகளும் கருகும். இரும்புக் கம்பி சேராத பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்)தான் அங்கே சரி.

இழுக்கும்போது முறுக்காமல், மூலைகளில் ஓர் அங்குல ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள். முனையில் ஆர்ஜே45 ஜாக்கை (கேபிள் முனையில் மாட்டும் பிளக்) கிரிம்ப் கருவியால் அழுத்திப் பதிக்கும்போது, உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் எட்டுக் கம்பிகளைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். கம்பிகளின் நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை.

கடைசியாக நெட் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா பாருங்கள். கணினியில் இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ்ஸுக்குப் பதில் 100 எம்பிபிஎஸ் காட்டினால், நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ சரியாகப் பதியாமல் இருக்கும். அந்த ஜாக்கை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.