பழைய எம்ஜிபி ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் ஹோஸைப் பாருங்கள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், பலரும் நேராகக் காலிப்பரை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மாற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பல சமயம் கோளாறு முன்சக்கரத்து ரப்பர் ஹோஸில்தான், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாயில்தான். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ரப்பர் உப்பி, வழி அடைத்திருக்கும். மிதிக்கிற வேகத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வராது.

கண்டுபிடிப்பது சுலபம். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெடலை ஒரு முறை மிதித்து விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் உள்ள பிளீடிங் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் சுர்ரென்று பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்றால் ஹோஸ். முன்னால் இரண்டுமே என்றால் மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) பாருங்கள். நிப்பிளைத் திறந்தும் சுற்றவில்லையா? சரி, அப்போது காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து ஜாம் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹோஸை ஜோடியாகவே மாற்றுங்கள். அப்புறம் புது டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை பிளீட் செய்யுங்கள், அதாவது நிப்பிள் வழியே காற்றை வெளியேற்றுங்கள். இந்த ஆயில் பெயின்டை அரித்துவிடும். ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.